இரண்டாவது கணினி

ஒரு தாலுகா நூலகத்தில் பவளக்கொடி என்றொரு தற்காலிக ஊழியர் இருந்தாள். அங்கே புதிதாக இரண்டு கணினிகள் வந்தன. நூலகர் தணிகாசலம், கணினியில் செருகி நெட் வரவைக்கும் இரண்டு பழைய வைஃபை அடாப்டர்களை அவள் மேசையில் போட்டார்.

“நாளைக்கு நூலகத்துறை இயக்குநர் வர்றார். ரெண்டுலயும் நெட் வரலைன்னா, நீயும் வர வேண்டாம்.”

“சார், புதுக் கணினிக்கு இதோட டிரைவர் கிடைக்கிறது கஷ்டம்.”

“டிரைவர் எதுக்கும்மா? இது என்ன பஸ்ஸா?”

அடாப்டர் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவியிருந்தது. பவளக்கொடி உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணை வைத்துத் தேடி, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் செல்போனில் இறக்கி ஒரு கணினியில் ஏற்றினாள். நெட் வந்தது.

“இவ்வளவுதானா? மிச்சத்தை நான் பாத்துக்கறேன், கிளம்பு” என்றார் தணிகாசலம்.

மறுநாள் இயக்குநரிடம் நெட் வருகிற கணினியைக் காட்டி, “இது நான் போட்டது சார்” என்றார். வராததைக் காட்டி, “அது இந்தப் பொண்ணு போட்டது” என்றார்.

பவளக்கொடி இரண்டாவது அடாப்டரை அவர் கையில் கொடுத்தாள்.

“எனக்குத் தெரியலைங்க சார். ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, கத்துக்கறேன்.”

தணிகாசலம் அதைச் செருகினார், பிடுங்கினார், திருப்பிச் செருகினார். கடைசியில் வேர்த்துப்போய், “டிரைவர் இன்னைக்கு லீவு சார்” என்றார்.

நூலகமே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். பவளக்கொடி ஐந்தே நிமிடத்தில் நெட்டை வரவழைத்தாள். இயக்குநர் தணிகாசலத்தின் தோளில் தட்டி, அவரோடு டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாதக் கடைசியில் பவளக்கொடியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உத்தரவில் காரணமும் இருந்தது: கணினி அறிவு போதாது.