வெறும் கட்டம்

"எமாஹோய், என் மனைவி என் எழுத்தை வேண்டாம் என்கிறாள்."

கெப்ரே வணக்கம்கூடச் சொல்லவில்லை. வீட்டுச் சண்டையைத் தூக்கிக்கொண்டு எத்தியோப்பியாவில் ஓர் ஏரியின் நடுத்தீவு வரை படகில் வந்தவருக்கு, வணக்கம் எங்கே ஞாபகம் இருக்கும்?

எமாஹோய் என்பது அங்கே பெண் துறவிகளை அழைக்கும் சொல். இந்த எமாஹோய்க்கு முப்பது வயதுதான். அவருடைய சீடரான கெப்ரேவுக்கோ தலை முழுக்க நரை. இருவருமே அதைப் பொருட்படுத்தியதில்லை.

அன்று பனி விலகவே இல்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தேவாலயம் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. உள்ளே எமாஹோய் தரையில் அமர்ந்து, கருவறையை மறைத்துத் தொங்கும் பெரிய திரையின் கிழிந்த ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த எழுத்து?"

கெப்ரே சொன்ன அந்த ஒற்றை எழுத்தைத் தமிழில் எழுத வழியில்லை. அந்த நாட்டிலேயே கெப்ரேயின் சின்னஞ்சிறு சமூகத்தார் மட்டும் எழுதும் எழுத்து அது. கணினிக்கு அது தெரியாது. தெரியவைக்கத்தான் மனிதர் பாதி ஆயுளைச் செலவழித்தார். மனுவுக்கு மேல் மனு. கடைசியில் அந்த எழுத்துக்கென்று ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்துவிட்டால் உலகத்துக் கணினிகளில் எல்லாம் அதற்கு ஓர் இடம் உண்டு.

கெப்ரேயின் ஒரே மகளின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கியது.

"மகள் தலைநகரில் புது போன் வாங்கினாள். முதல்முறையாகத் தன் பெயரை முழுசாகப் போட்டு அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள்."

எமாஹோயின் ஊசி நின்றது.

"அம்மாவின் போன் பழசு. அந்த எழுத்து அதில் வராது. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டம்தான் வரும். வெறும் கட்டம். நான் புது போன் வாங்கி வந்தேன். அதில் அந்தச் செய்தியை மாற்றிவிட்டால் பெயர் பளிச்சென்று தெரியும். தொடமாட்டேன் என்கிறாள். நாள் பூராவும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஊருக்கெல்லாம் தெரிகிற எழுத்து என் வீட்டில் தெரியவில்லை, எமாஹோய். மகளுக்காக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்."

"கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்!"

எமாஹோய் மடியில் கிடந்த திரையைத் தடவினார்.

"இதற்குப் பின்னால்?"

சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பதில். "பெட்டி. பெட்டிக்குள் துணி சுற்றிய புனிதப் பலகை."

"பார்த்திருக்கிறீர்களா?"

"நான் எப்படிப் பார்ப்பது? குருமாரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாதே."

"அடப்பாவமே. இந்த வயது வரைக்கும் பார்க்காமலே கும்பிட்டிருக்கிறீர்கள்."

எமாஹோய் எழுந்தார். இரண்டு கையாலும் திரையைப் பற்றினார்.

"வாருங்கள். பளிச்சென்று காட்டிவிடுகிறேன்."

திரை அசைந்தது. உள்ளிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

"ஐயோ, வேண்டாம்!"

கெப்ரே முகத்தைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாக விழுந்துவிட்டார்.

எமாஹோய் திரையை விட்டுவிட்டார். மறுபடி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார்.

வெளியே, பனிக்குள் யாரோ துடுப்புப் போடும் சத்தம் நெருங்கி வந்து, கடந்து, இல்லாமல் போனது. கெப்ரே விழுந்த இடத்திலேயே கிடந்து அழுதார். மகள் போனபிறகு அவர் அழுவது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரமோ.

"எமாஹோய்," என்றார். "நான் கேட்டால், அந்தக் கட்டத்தை எனக்கும் காட்டுவாளா?"

"செருப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்."