கீழிருந்து பார்த்த தாமரை

“இந்த வருஷம் நெற்றிப்பட்டம் தைக்கிற வேலை அந்த அணிலுக்குத்தான். வேறு யார் இருக்கிறார்கள்?”

ஒரு காட்டில், ஓடைக்கரையில் நின்ற காட்டெருமையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மைனா இன்னொரு மைனாவிடம் இப்படிச் சொன்னது. சொல்லிவிட்டு அது தன்பாட்டுக்கு உண்ணி பொறுக்கப் போய்விட்டது. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புள்ளிமானுக்கோ, குடித்த வாய்த் தண்ணீர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த மானின் பெயர் ரத்னமாலா. அது குட்டியாக இருந்தபோது, “அடடா, உன் முதுகே பூத்தையல் போட்ட மாதிரி இருக்கிறதே!” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து, பூத்தையல் தனக்குப் பிறவியிலேயே வந்த கலை என்று ரத்னமாலா முடிவு கட்டிவிட்டது. பிறவியிலேயே வந்துவிட்டதால், அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை.

தைக்கத் தொடங்கிய துணிகள் அதன் புதரில் ஏழெட்டுக் கிடந்தன. கழுத்து வரை வந்த மயில் ஒன்று. காம்பு மட்டும் உள்ள செம்பருத்தி ஒன்று. ‘நல்வர’ என்பதோடு நின்றுபோன நல்வரவு ஒன்று. முடிந்த துணி என்று எதுவும் கிடையாது.

நெற்றிப்பட்டம் என்பது சின்ன விஷயம் இல்லை. யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி. காட்டில் எல்லோருக்கும் அது பெரியம்மா. கூட்டத்தில் பிறந்த புதுக் குட்டி முதன்முதலாக ஆற்றில் இறங்கும் நாளில், அதன் நெற்றியில் பூத்தையல் போட்ட பட்டம் ஒன்றைக் கட்டுவார்கள். யாருடைய மாதிரித் துணி பெரியம்மாவுக்குப் பிடிக்கிறதோ, பட்டம் தைக்கும் வேலை அவருக்கு. தைத்தவர் கோடை முழுவதும் யானைகளின் நடுவில் நின்று நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம். சிறுத்தை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

போன கோடையில், ஒரு வாய்த் தண்ணீருக்கு நான்கு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்து ரத்னமாலாவுக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. இந்தக் கோடையில் எப்படியாவது அந்த இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று அது நினைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த மைனாவின் பேச்சு.

‘அந்த அணில் அப்படி என்னதான் தைக்கிறாள், பார்த்துவிடலாம்’ என்று ரத்னமாலா நாவல் மரத்தடிக்குப் போனது.

அணிலின் பெயர் தும்பை. கூச்ச சுபாவம். நாலு பேர் கூடினால் பொந்துக்குள் போய்விடும். அது உயரத்தில் ஒரு கிளைமேல் உட்கார்ந்து, வளைத்துக் கட்டிய குச்சியில் துணியை இழுத்து மாட்டி, தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தது.

“என்ன தும்பை, பலமான வேலை போல?”

தும்பை திடுக்கிட்டு எட்டிப் பார்த்தது. “தாமரைக் குளம், அக்கா. இந்தத் தாமரை செம்போத்து அக்காவுடைய தையல் மாதிரி. அவர் தைத்ததில் எட்டு இதழ். என் துணி சின்னது. எட்டும் போட்டால் மீனுக்கு இடம் இருக்காது. அதனால் அவரிடம் கேட்டுவிட்டு ஆறாகக் குறைத்தேன்.”

“கேட்டுவிட்டா?” ரத்னமாலாவுக்குச் சிரிப்பு வந்தது. “இரண்டு இதழைக் குறைக்க ஒருத்தரிடம் போய் நிற்பாயா? நானெல்லாம் யாருடைய மாதிரியையும் தொடக்கூட மாட்டேன்.”

“கீழே கொண்டுவந்து காட்டட்டுமா, அக்கா? இழை எண்ணுவது எப்படி என்றும் சொல்கிறேன்.”

“யாருக்கு? எனக்கா? நன்றாக இருக்கிறது! நான் நாவல்பழம் பொறுக்க வந்தேன்.”

நாவல் மரம் அப்போது பூக்கூட விட்டிருக்கவில்லை.

மறுநாளும் ரத்னமாலா பழம் பொறுக்க வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. அடிமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கழுத்தை நீட்டி, மேலே பார்த்தது. தும்பை முன்னால் பிடித்துத் தைத்த துணியின் முகப்பு தும்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியின் முதுகுதான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே முடிச்சுகள் இருந்தன. ஒரு இதழிலிருந்து இன்னொரு இதழுக்குத் தாவிய நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நுனிகள் தாடிபோலத் தொங்கின.

தான் தைத்த எதையும் ஒரு நாளும் திருப்பிப் பார்த்திராத ரத்னமாலா கண்ணை அகல விரித்தது.

‘தாமரை என்றாளே, எங்கே தாமரை? ஓகோ! தாமரை மாதிரியே இல்லாத தாமரை! இதல்லவா புதுமை! இந்தச் சின்ன மண்டைக்குள் இவ்வளவு சரக்கா?’

புதருக்கு ஓடிப்போய் ஊசியை வாயில் கவ்வியது. பார்த்ததை அப்படியே எடுத்தால் அது திருட்டு என்று ரத்னமாலாவுக்கும் தெரியும். ஆகவே தும்பை சிவப்பு நூல் போட்ட இடத்தில் அது நீலம் போட்டது. நீலம் போட்ட இடத்தில் சிவப்பு போட்டது. ‘இப்போது இது என்னுடையது’ என்று சொல்லிக்கொண்டது. மேலே பதினோரு முடிச்சு இருந்ததால் இங்கேயும் பதினோரு முடிச்சு போட்டது. ஒன்பதாவது முடிச்சில் ஊசி ஒடிந்தது.

காட்டில் எல்லோருக்கும் ஊசி கொடுப்பது முள்ளம்பன்றி வேலாயுதம். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கித் தரும். கூடவே வாயிலிருந்தும் ஒன்று தரும்.

“போன மாதம் வாங்கிப்போன ஊசி எங்கே?”

“ஒடிந்துவிட்டது, அண்ணே.”

“மயில் முடிந்ததா?”

“அது பழைய கதை. இது வேறு. பாருங்கள்!” ரத்னமாலா பெருமையோடு துணியை விரித்தது.

வேலாயுதம் துணியை இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது. “ஏம்மா, இந்த நூலையெல்லாம் வெட்ட மறந்துவிட்டாயா?”

“அது மழை.”

“இந்த முடிச்சு?”

“மனத்தில் விழும் முடிச்சு. உங்களுக்கு இதெல்லாம் புரியாது, அண்ணே. முள்ளை மட்டும் கொடுங்கள்.”

வேலாயுதம் முள்ளை மட்டும் கொடுத்தது.

குட்டியானை ஆற்றில் இறங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, மாதிரித் துணிகளைப் பார்க்க எல்லோரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். அங்கிருந்த இலந்தை மரத்தின் முள்ளில்தான் துணிகளை மாட்ட வேண்டும். ரத்னமாலா முதல் ஆளாக வந்து தன் துணியை மாட்டியது.

மைனாக்கள் துணியைப் பார்த்தன. ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல அவற்றுக்கு வெட்கமாக இருந்தது.

“ஆகா, என்ன ஆழம்!” என்றது ஒரு மைனா.

“அந்தத் தொங்கலைப் பாரேன், எனக்கு அழுகையே வருகிறது” என்றது இன்னொன்று.

பெரியம்மா தும்பிக்கையால் நெற்றியைச் சொறிந்தபடி, “இது என்ன, ரத்னமாலா?” என்று கேட்டது.

“தாமரைக் குளம், பெரியம்மா. என் சொந்தக் கற்பனை. பார்த்தவுடன் தாமரை என்று தெரிந்துவிட்டால் அதில் என்ன கலை இருக்கிறது?” ரத்னமாலா குரலைத் தாழ்த்திக்கொண்டது. “ஒன்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. சில பேர் என் புதர்ப் பக்கம் அடிக்கடி வந்து போகிறார்கள். நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இதே மாதிரியை யாராவது இங்கே கொண்டுவந்தால், நான் பொறுப்பில்லை.”

அந்த நேரம் பார்த்துத் தும்பை வந்து சேர்ந்தது. முகப்பில் தூசி படக்கூடாது என்று, துணியை முகப்பு உள்ளே இருக்கும்படி மடித்துக் கொண்டுவந்திருந்தது. இத்தனை கண்களைப் பார்த்ததும், மடிப்பைப் பிரித்து அவசர அவசரமாக முள்ளில் மாட்டியது.

“அதே முடிச்சு!” என்று கத்தியது ஒரு மைனா.

“அதே தொங்கல்! நீலத்தைச் சிவப்பாக்கி, சிவப்பை நீலமாக்கி… அட திருட்டு அணிலே!”

“பார்த்தீர்களா? நான் வாயைத் திறந்து ஒரு பெயரும் சொல்லவில்லை. அதுவாகவே வந்து மாட்டிக்கொண்டது” என்றது ரத்னமாலா. ஆற்றின் நடுவில் யானைகள் சூழ, தலையைத் தூக்காமல் வயிறு முட்டக் குடிக்கப்போகும் தண்ணீர் அதன் நாக்கில் இப்போதே இனித்தது.

பெரியம்மா காதை ஒரு தடவை அடித்தது. கூச்சல் அடங்கியது. “தும்பை, நீ என்ன சொல்கிறாய்?”

தும்பையின் குரல் மூச்சுக்காற்று அளவுக்குத்தான் வந்தது.

“நான் இன்னும் திருப்பவில்லை, பெரியம்மா.”

அது துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி மாட்டியது.

நீலக் குளம். ஆறு இதழ் விரிந்த சிவப்புத் தாமரை. இலைக்கு அடியில் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் வெளியே பார்க்கும் ஒரு குட்டி மீன். கிட்டப் போனால் ஓடிவிடும் போலிருந்தது.

“அப்படியானால் அந்தத் தொங்கல்?” என்று ஒரு மைனா மெல்லக் கேட்டது.

“வெட்டாத நூல் என்று நான் அன்றைக்கே சொன்னேன்” என்றது வேலாயுதம். “எனக்குத்தான் புரியாதாமே!”

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து செம்போத்து எட்டிப் பார்த்தது. “நம்ம தாமரை! எட்டை ஆறாக்கினது நல்லதுதான், தும்பை. இல்லையென்றால் இந்த மீன் எங்கே போயிருக்கும்?”

பெரியம்மா ரத்னமாலாவின் பக்கம் திரும்பியது. அதன் குரலில் கோபம் இல்லை.

“எங்கே, உன்னுடையதையும் திருப்பு. பார்க்கலாம்.”

ரத்னமாலா தும்பையைப் பார்த்தது. ஆற்றைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, தன் துணியை முள்ளிலிருந்து இழுத்து, முழுவதையும் வாய்க்குள் திணித்து மென்று தின்னத் தொடங்கியது.

நீதி: கேட்டு வாங்கிய மாதிரிக்கு முகம் இருக்கும், ஒளிந்து நின்று எடுத்த மாதிரிக்கு முதுகுதான் இருக்கும்.