குதிகாலில் இல்லாத முள்

ஒரு காட்டில் பாறை அதிகம், தண்ணீர் குறைவு. இருந்த ஒரே குட்டையும் பங்குனியில் வற்றிவிடும். அதற்குள் விலங்குகள் எல்லாம் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போய்விட வேண்டும்.

அங்கே ஒரு தாய்க் கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறித்தான் பயணம் போகும். அந்தச் சுமையோடு பாறைக்குப் பாறை குதித்ததில், தை மாதம் கரடிக்கு வலது குதிகால் வலிக்கத் தொடங்கியது. விடிந்ததும் எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"இந்தக் காலோடு பிள்ளைகளை எப்படி ஆற்றுக்குக் கொண்டுபோவேன்?" என்று அது கலங்கியது.

முள்ளம்பன்றி வந்து பார்த்தது. எதையும் பார்த்தவுடன் முடிவு சொல்லிவிடும் குணம் அதற்கு.

"முள் குத்தியிருக்கிறது, அக்கா."

"முள் ஒன்றும் தெரியவில்லையே, தம்பி."

"உள்ளே போயிருக்கும். முள்ளைப் பற்றி எனக்கே சொல்கிறாயா? உடம்பெல்லாம் வைத்திருக்கிறேன். காலைக் காட்டு, தோண்டி எடுத்துவிடுகிறேன்."

அது தன் முதுகிலிருந்து நீளமான முள் ஒன்றை உருவியது. கரடி கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டியது.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றது மரத்தடியில் படுத்திருந்த காட்டுப்பூனை. நாள் முழுவதும் படுத்தபடி எல்லாரையும் கவனிப்பது அதன் வழக்கம்.

"தூங்குமூஞ்சி விழித்துவிட்டது!" என்றது முள்ளம்பன்றி.

பூனை அதைக் காதில் வாங்கவில்லை. "அக்கா, பத்து நாளாகப் பார்க்கிறேன். எழுந்ததும் நொண்டுகிறீர்கள். குட்டைவரை நடந்ததும் நொண்டல் குறைகிறது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வருகிறது. சரிதானா?"

"சரிதான்."

"முள் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் குத்துமே. நடக்க நடக்கக் குறையுமா?"

கரடி காலை இழுத்துக்கொண்டது.

"குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலுக்குள் ஒரு நார் ஓடுகிறது. குதித்துக் குதித்து அது நொந்துபோயிருக்கிறது. படுத்திருக்கும்போது விறைத்துக்கொள்ளும். அதன்மேல் திடீரென்று எடையைப் போட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? நான் எப்படி எழுகிறேன் என்று பார்த்திருக்கிறீர்களா?"

கரடி பார்த்திருந்தது. உடம்பை நன்றாக நீட்டி முறிக்காமல் பூனை ஒருநாளும் எழுந்ததில்லை.

மறுநாள் முதல் கரடி எழுவதற்கு முன்பே, படுத்தபடி, கால்விரல்களைப் பிடித்துத் தன் பக்கம் மெல்ல இழுத்தது. இருபது மூச்சு விடும்வரை. பிறகு மரத்தில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டியது. மாலையில் குளிர்ந்த உருண்டைக் கல்லின்மேல் உள்ளங்காலை வைத்து உருட்டியது. குதிப்பதை அடியோடு விட்டது. பாறையைத் தவிர்த்து மணலில் சுற்றிக்கொண்டு போயிற்று.

பத்து நாளில் வலி குறையவில்லை. குட்டைதான் ஒரு முழம் குறைந்தது.

"இப்போதாவது முள்ளை எடுக்கலாமா, அக்கா?" என்று முள்ளம்பன்றி தினமும் கேட்டுவிட்டுப் போகும். கரடி பயிற்சியை விடவில்லை. அந்தப் பெரிய உடம்புக்குள் அவ்வளவு பொறுமை இருக்கும் என்று காட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை.

மாசி போயிற்று. ஒரு விடியலில் கரடி எழுந்து, வலியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தது. வலி வரவில்லை.

பங்குனியில் குட்டை சேறானது. விலங்குகள் கிளம்பின.

"எல்லாரும் போயாயிற்று. இன்னும் என்ன படுக்கை?" என்றது முள்ளம்பன்றி.

"இருபது மூச்சு, தம்பி" என்றது கரடி, விரல்களைப் பிடித்தபடி.

பிறகு அது எழுந்து இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டது. நிதானமாக, இரண்டு மலையையும் தாண்டியது. ஆற்றைக் கண்டதும் குட்டிகள் இறங்கி ஓடித் தண்ணீரில் விழுந்தன.

முள்ளம்பன்றி கரடியின் குதிகாலைக் குனிந்து பார்த்தது.

"பார்த்தாயா அக்கா, வழியில் முள் தானாகவே விழுந்துவிட்டது!"

"இருக்கும், தம்பி" என்றது கரடி. பூனை பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, விரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

நீதி: கவனித்துக் கண்ட காரணமும் விடாமல் செய்த சிறு பயிற்சியுமே வலியைத் தீர்க்கும்.