மேனேஜரை மேஜை ஏற்றிய வெள்ளம்

லிஃப்ட் கம்பெனி மேனேஜர் சடகோபன் தொண்டையைக் கனைத்தார். "இந்தாம்மா ஜெயசுதா! பழைய சிப்புல ஓடுற புரோகிராமை அப்படியே புது சிப்புக்குக் காப்பி அடி. சாயங்காலத்துக்குள்ள ஆகலேன்னா வீட்டுக்குப் போயிடு."

"புது சிப்போட பாஷை வேற சார். அந்தப் பாஷைக்கு மாத்திக் குடுக்கிற கம்பைலரையே திருத்தணும். மூணு மாசம் ஆகும்" என்று நூறாவது தடவையாக அழாக்குறையாகச் சொன்னாள் புரோகிராமர் ஜெயசுதா.

"சிப்புன்னா சிப்புதான்! எனக்கே பாடமா?"

அன்றைக்குத்தான் முதலாளி குரியன் திருச்சூரிலிருந்து வந்திருந்தார். எப்படியும் வேலை போகத்தான் போகிறது என்று நொந்துபோன ஜெயசுதா, அவருக்காக வரவழைத்திருந்த மிளகாய் பஜ்ஜித் தட்டை நீட்டினாள்.

ஒரே கடி. "வெள்ளம்! வெள்ளம்!" என்று அலறினார் முதலாளி.

சடகோபன் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் தாவினார். "வெள்ளம் வருதாம்! மெயினை அணைங்கடா!"

ஜெயசுதா முதலாளிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒரே சொல்தான் சார். அவர் மலையாளத்துல தண்ணி கேட்டார், நீங்க மேஜை ஏறிட்டீங்க. சிப்புக்கு ஒவ்வொரு கட்டளையும் ஒரு எண்தான். பழைய சிப்புக்கு 'நில்'லுன்னு இருக்கிற எண் புதுசுக்கு 'ஏறு'ன்னு ஆனா, லிஃப்ட் மொட்டைமாடியைப் பிச்சுக்கிட்டுப் போகும்."

முதலாளி சிரித்து, இருமி, மூன்று மாதம் கொடுத்தார்.

சடகோபன் இறங்கி அவள் காதருகே வந்தார். "மூணு மாசம் எதுக்கும்மா? மலையாளத்துலயே எழுதிட்டா சாயங்காலமே முடிஞ்சிடுமே?"

ஜெயசுதா மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துத் தானே கடித்தாள். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே.