மாமத்தோட தோள் மேடு

மாஸ்டர்னா தாடியெல்லாம் இருக்கணும்னு இல்ல. எங்க டிராயிங் மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு இருபத்தொம்பது வயசு. சிஷ்யர் தணிகைவேல் அவங்களவிட பெரியவர்.

மியூசியத்துல ஒரு மாமத் சிலை இருக்கு. பனிக்காலத்து யானை, உடம்பெல்லாம் முடி. தலையக் குனிஞ்சு, வலது முன்னங்காலத் தூக்கிட்டு நிக்கும். அதப் பாத்து வரைஞ்ச படத்த அன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதிப்பகத்துக்கு அனுப்பினாத்தான், புத்தகத்துக்குப் படம் போடற மொத வேலை தணிகைக்குக் கிடைக்கும். ஏற்கெனவே அனுப்பினதெல்லாம் ‘உயிரே இல்ல’ன்னு திரும்பி வந்தாச்சு.

காலையிலேர்ந்து மறுபடி முடி முடியா வரைஞ்சிட்டிருந்தார்.

மாஸ்டர் எட்டிப் பாத்தாங்க. "என்னங்க இது, கம்பளியக் காயப் போட்டிருக்கீங்களா?"

"மாமத், மாஸ்டர்."

"தோள் மேல மேடா இருக்கே, அது?"

"முடி கொத்தா நிக்குது."

மாஸ்டர் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க.

"உயிர எப்படித்தான் கொண்டு வர்றது? நேரா சொல்லுங்களேன்."

"குனிங்க."

"இங்கயா?"

"கைய தரையில ஊனுங்க. வலது கைய மட்டும் தூக்குங்க, சிலை மாதிரி."

குனிஞ்சார். மாஸ்டர் அவரோட பைய, உள்ள லேப்டாப்போட, அவர் கழுத்துலயே மாட்டிவிட்டாங்க.

"இது எதுக்கு?"

"தந்தம்."

ஸ்கூல் பிள்ளைங்க கூட்டம் ஒண்ணு சிலைய விட்டுட்டு இவரப் பாத்துச்சு. செக்யூரிட்டி வந்தார். "மேடம், என்ன இதெல்லாம்?"

"படம் வரையறார் அண்ணா."

செக்யூரிட்டி தலையில கைய வச்சிட்டு அங்கேயே நின்னார்.

"கை வலிக்குது மாஸ்டர்."

"வேற எங்க வலிக்குது?"

"பிடரி. பிடரியிலேர்ந்து தோள் வரைக்கும் இழுத்து..."

நிறுத்திட்டார். தலையத் தூக்க முடியல. கண்ண மட்டும் தூக்கி, சிலையோட தோள் மேட்டப் பாத்தார். "அது முடி இல்ல மாஸ்டர், தலையத் தாங்குற சதை."

எழுந்து புதுத் தாள் எடுத்தார். தோள் மேட்டுலயும் ஊனின கால்லயும், கருகருன்னு விழுற சிக்ஸ் பி பென்சில நல்லா அழுத்தினார். தூக்கின காலுக்குத் தொட்டும் தொடாம ஒரே கோடு. அந்தக் கால் இப்போ தரையில எறங்கிடும்போல இருந்துச்சு.

மணி நாலே முக்கால். தணிகை இன்னொரு பென்சில எடுத்துக் கூரா சீவ ஆரம்பிச்சார்.

"இப்ப எதுக்குங்க?"

"ஒரு முடிகூடப் போடலயே மாஸ்டர்."

மாஸ்டர் கண்ண மூடித் தொறந்தாங்க.

"ஏன், அதுக்குக் குளிருதா?"