மூன்று நொடி அசிட்டோன்

என் குருவுக்கு முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்து மூன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிய பிறகு, ஷமீமா டாக்டர் வந்துதான் எனக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் வந்ததும் கர்ப்பிணிகளின் யோனித் திரவத்தை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி ஆராயும் வேலை தொடங்கியது. கிருமி என்றாலே எனக்கு ஆகாது. அவரோ ஊதாவாகத் தெரிந்த நீளக் குச்சிகளைக் காட்டி, இதெல்லாம் தயிரைப் புளிக்கவைக்கிற கிருமிக்குச் சொந்தக்காரங்க, அந்தப் புளிப்பாலேயே அந்த இடத்தைக் காவல் காக்குது என்றார். இவை குறைந்து ரோஸ் நிறப் பொடிக் குச்சிகள் பெருகினால்தான் தொல்லையாம். எங்கிருந்தோ வந்து ஒருத்திக்குள் குடியிருந்து அவளையே காக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றைக்கு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். இடது கண்ணில் ஓரப் பார்வையெல்லாம் போய்விட்டது. இரண்டு வேளையும் சொட்டு மருந்து விட்டு மீதியைக் காப்பாற்றி வந்தேன். இதே நோய் உள்ளவர்களின் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்காக எங்கள் லேபில் சோதித்தார்கள். நானும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை இருட்டறையில் அதைப் பார்த்தோம். சோதனைக்கென வந்த விழித்திரைத் துண்டொன்றின் மேல் என் ரத்தத்தின் தெளிநீர்; அதிலிருந்து எது ஒட்டினாலும் பச்சையாக ஒளிரவைக்கும் சாயம். விளக்கைப் போட்டதும் பச்சை. கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்த மாதிரி, சுற்றிலும் பச்சை மிதந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. பிறகுதான் புத்தியில் உறைத்தது. நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய என் ரத்தம், விழித்திரையில் போய் ஒட்டியிருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் சொட்டு மருந்து என்ன செய்யும்? அன்றோடு நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் ஸ்லைடு வந்தது. நல்ல குச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாம் ரோஸ் என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். டாக்டர் ஸ்லைடை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"புஷ்பக்கா, இதோட நீளத்தைப் பாருங்க."

பார்த்தேன். பொடிக் குச்சியே இல்லை. எல்லாம் நீளமாக, தடியாக இருந்தன.

"அசிட்டோன் எத்தனை நொடி விட்டீங்க?"

கூடுதல் சாயத்தைக் கழுவும் அசிட்டோனுக்கு மூன்று நொடிதான் கணக்கு. அதற்கு மேல் விட்டால் நல்ல குச்சியின் ஊதாவும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் எல்லாம் ரோஸ்தான்.

"எண்ணல டாக்டர். கோபத்துல ஊத்திட்டேன்."

"யார் மேல?"

என் ரத்தத்தின் மேல் என்றேன். சொட்டு மருந்தை நிறுத்தியதையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அதே பெண்ணின் இன்னொரு ஸ்லைடை எடுத்துச் சாயமேற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித் தண்ணீரில் கழுவினார். லென்ஸில் கண்ணை வைத்தேன். ஊதா, பார்த்த இடமெல்லாம் ஊதா. அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு இல்லாத நோயை எழுதப் பார்த்தேனே என்று வெட்கமாகிவிட்டது.

"அப்போ என் ரத்தமும் நல்லதுதானா?"

"தெரியாதுக்கா."

"கண்ணுல ஒட்டினதைப் பார்த்தோமே."

"ஒட்டினதைத்தான் பார்த்தோம். இடிக்க வந்துச்சா, இடிஞ்சதை அள்ள வந்துச்சான்னு அதுல தெரியாது. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

"எப்போ தெரியும்?"

"வருஷமாகும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

அவர் என் கைப்பையை எடுத்து மேசையில் வைத்தார். சொட்டு மருந்துக் குப்பியைத் தேடி எடுத்து, மூடியைத் திருகினார்.

"தெரியவரும்போது அந்த ஸ்லைடைப் பார்க்க உங்களுக்குக் கண்ணு வேணும்ல? அண்ணாந்து காட்டுங்கக்கா."