மேசையின் தாய்வீடு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றப்போகும் பொருளொன்று அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அது ஒரு மேசை. கப்பல்காரர்கள் கொடுத்த பரிசு. ஒரு கால் குட்டை, தொட்டால் ஆடும்.

"இனி நாம் இதில்தான் உண்போம். எதிரே ஒருவருக்கு மட்டும் இடம்," என்றார் மன்னர்.

ஆஸ்தானப் புலவர் மருதவாணக் கவிராயருக்கு வயிறு எரிந்தது. அந்த இடம் விகடகவி வெண்காடனுக்குத்தான் போகும். அவன் வாயைத் திறக்கும் முன்பே மன்னர் சிரித்துவிடுவார். அரசர் பந்தியில் அவனுக்கு இரண்டாவது இலை. நிகண்டு முழுவதையும் தலைகீழாக ஒப்பிக்கும் கவிராயருக்குப் பதினோராவது இலை. அங்கே வருவதற்குள் வடை தீர்ந்துவிடும்.

"பிரபு, 'மேசை' என்னும் சொல்லின் பூர்வீகத்தை நிறுவுபவருக்கே அவ்விடம் தகும்," என்றார் கவிராயர். "அடியேன் பாட்டால் நிறுவுகிறேன். நம் வெண்காடனார் பெரிய கெட்டிக்காரராயிற்றே! அச்சொல்லின் தாயையும் உறவினரையும் சபைக்கே அழைத்து வரட்டும்."

மன்னருக்கு ஒரே குஷி. "அப்படியே ஆகட்டும். ஏழு நாள் தவணை. தவறினால் வெண்காடா, உனக்கு இனிக் கடைசி இலை."

எட்டாம் நாள். கவிராயர் நானூறு பாட்டுகள் கொண்ட ஓலைச்சுவடியோடு எழுந்தார். "மேஷம் என்பது ஆடு. அதற்கு நான்கு கால். மேசைக்கும் நான்கு கால். ஆகவே..."

"கட்டிலுக்கும் நாலு கால்தானே கவிராயரே, அது எருமையோ?" என்றான் வெண்காடன்.

சபையே சிரித்தது. சபை சிரித்ததைக்கூடக் கவிராயர் பொறுத்துக்கொண்டார். மன்னர் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வெண்காடன் வாசலை நோக்கிக் கையசைத்தான். போர்த்துகீசிய மாலுமி ஒருவன் வந்து மேசையைத் தட்டி, "மேசா" என்றான். பின்னால் வந்த ஸ்பானியனும் தட்டி, "மேசா" என்றான். கடைசியாகப் பாதிரியார் தம் லத்தீன் ஜபப் புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, மறு கையால் மேசையைத் தொட்டார். "மென்சா."

"பிரபு, முதலிருவரும் கொண்டுவந்த சொற்கள் பிள்ளைகள். தாய் லத்தீன்காரி. வயதாகிவிட்டது, வெளியே நடமாட்டமில்லை. அதனால் புத்தகத்தில் ஏறி வந்திருக்கிறாள். நம்முடைய மேசை, மூத்தவனான போர்த்துகீசியன் வீட்டிலிருந்து கப்பலேறி வந்த பேரப்பிள்ளை."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டு, எதிர் இருக்கையையும் கொடுத்தார்.

"அடியேனின் நானூறு பாட்டு?" கவிராயர் சுவடியை நீட்டினார்.

"வருந்தாதீர். அதற்கும் மேசையில் இடமுண்டு," என்றார் மன்னர்.

அன்று மதியம் பதினோராவது இலையிலிருந்து கவிராயர் எட்டிப் பார்த்தார். சுவடி, குட்டைக் காலுக்கு அடியில் இருந்தது. மேசை ஆடவில்லை. வடை தீர்ந்துபோயிருந்தது.